நாலாம் கட்டில் சாவுக்கார்

இருபத்திரண்டு வருடமாக நான் நர்சிங்கில் இருக்கிறேன். என் கண் முன்னால் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனால் சவுக்கார் அளவுக்கு அடிக்கடி செத்தவர் காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று தடவை செத்தார். காலை பத்து மணிக்கு மாரடைப்பில் ஒன்று, பதினொன்றரைக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு காரணமே சொல்லாமல் ஒன்று. மூன்றாவது சாவு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு, "சிஸ்டரம்மா, டீ வந்துச்சா?" என்று கேட்டார்.

வரவில்லை. எங்கள் கட்டிடத்துக்கு டீ வருவதும் லிஃப்ட் வேலை செய்வதும் ஒரே மாதிரிதான். நம்பிக்கை வைத்துக் காத்திருக்கலாம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நான் நர்சிங் டியூட்டர். அதே வளாகத்தில் டாக்டர் படிப்பு, நர்சிங், ஃபார்மஸி, பிசியோதெரபி நான்கும் உண்டு. இந்த நான்கு கூட்டமும் கேன்டீனில் நான்கு மூலையில் உட்காரும். நான்கு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் படித்து முடித்துவிட்டு, வேலைக்குப் போன முதல் நாள் ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கும். அங்கே போய்த்தான் இவர் யார், அவர் யார், யாரிடம் யார் எதைச் சொல்லலாம் என்று யோசிக்கும். அதற்குள் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன்.

அதனால் ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு படிப்புப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டு, ஒரு பொய் வார்டில், ஒரு பொய் நோயாளியை வைத்துப் பழக்க வேண்டும். தப்பு செய்வதாக இருந்தால் இங்கே செய்யட்டும். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, யார் எதைச் சொல்லாமல் விட்டோம், யார் சொன்னதை யார் கேட்காமல் விட்டோம் என்று மனம்விட்டுப் பேசட்டும். இதற்குச் சிமுலேஷன் லேப் என்று பெயர்.

இந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த மீட்டிங்குக்கு நான் போகவில்லை. முழங்கால் வலிக்கு லீவு போட்டிருந்தேன். மீட்டிங்குக்கு வராதவரிடம் பொறுப்பைக் கொடுப்பது எங்கள் கல்லூரி வழக்கம்.

நான்கு டிபார்ட்மென்ட் டைம்டேபிளையும் வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் பொதுவாகக் காலியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். நான்கு துறைக்கும் தலைவர்களான எச்ஓடிகளின் அறை வாசலிலும் மாறி மாறி நின்று, கடைசியில் செவ்வாய்க்கிழமையைப் பிடுங்கினேன். நின்றதில் முழங்கால் இன்னும் கொஞ்சம் போனது.

முதலில் எங்களிடம் ஒரு பொம்மை இருந்தது. ரப்பர் தோல், உள்ளே கம்ப்யூட்டர், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார்கள். இரண்டே மாதத்தில் அதன் நுரையீரல் போய்விட்டது. மூச்சு விடச் சொன்னால் விக்கியது. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்து பார்த்து, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை. பொம்மை இரண்டாம் கட்டிலில் முகத்தை மூடிப் படுத்திருந்தது. நோயாளி இல்லாமல் நான் லேப் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் புறநோயாளிகள் பிரிவு வழியாக வந்துகொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு மனிதர் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கியிருந்தார். முகம் கோணி, பல்லைக் கடித்து, 'ஊ' என்று ஒரு சத்தம். பித்தப்பைக் கல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஓட்டம்தான்.

அவர் நிமிர்ந்தார். முகம் சுத்தமாக இருந்தது.

"எனக்கு இல்லமா. இவருக்கு" என்று பக்கத்தில் இருந்த ஒருவரைக் காட்டினார். "நெல்லூர்காரரு. தமிழ் வராது. டாக்டருக்கு எப்டி சொல்றதுன்னு கேட்டாரு. அதான் காட்டிக்கினு இருக்கேன்."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு சுகர் மாத்திர வாங்கணும். அவ்ளோதான்."

அன்றைக்கு மத்தியானமே அவரைப் பொய் நோயாளியாக நாலாம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் தறி உண்டு, தம்பி நெய்கிறார். இவருக்கு உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் ஒத்துவரவில்லை. இருபத்தைந்து வருடம் கோயில் வாசல்களில் நின்று, வெளியூர்க்காரர்களைப் பட்டுப்புடவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் தொழில். "வாங்க வாங்க, வாங்க வாணாம், பாத்தா போதும்" என்பது அவருடைய வாசகம். இதையே தெலுங்கு, கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் சொல்வார். அப்புறம் ஜனங்கள் வரும்போதே போனில் கடையைப் பார்த்துவைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இவருக்கு வேலை குறைந்தது.

இந்த ஊரில் பட்டுக்கடை முதலாளிகளை சவுக்கார் என்று கூப்பிடுவார்கள். இவர் முதலாளி இல்லை. ஆனால் யாராவது கடையில் விலை கேட்டால் முதலாளிக்கு முன்னால் இவர் பதில் சொல்லுவாராம். அதில் வந்த பட்டம். எங்கள் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே 'ச'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டு அவரைச் சாவுக்கார் ஆக்கினார்கள். நான் சங்கடப்பட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பொருத்தமாத்தான் இருக்குது" என்றார்.

பொருந்தியதற்குக் காரணம் இருந்தது. நான் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவேன். நோயாளிக்கு என்ன வியாதி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், கடைசியில் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருக்கும். சவுக்கார் அதை மரியாதையாக வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைப்பார். அத்தோடு சரி.

அவரை வைத்து நடத்திய முதல் வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. டாக்டர் படிப்பிலிருந்து ஹரிஷ் என்று ஒரு பையன். கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும். நர்சிங்கிலிருந்து மாகறலைச் சேர்ந்த மகேஸ்வரி. அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தத்தில்தான் மற்றவர்களிடமும் பேசுவாள். சவுக்காருக்குக் காய்ச்சல். ஹரிஷ் ஒரு ஊசி சொன்னான். அந்த ஊசி நோயாளிக்கு ஒத்துக்காது என்று கேஸ் சீட்டில் நான் எழுதி வைத்திருந்தேன்.

"சார், இவருக்கு அது ஒத்துக்காதுன்னு போட்டிருக்குது" என்றாள் மகேஸ்வரி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனாலும் சார்.

ஹரிஷ் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சத்தம் இன்னும் குறைந்தது. ஊசி போட்டார்கள். ஸ்கிரிப்ட்படி சவுக்காருக்குக் கொஞ்சம் அரிப்பு வர வேண்டும், பிறகு சரியாக வேண்டும். அவர் கண்ணைச் சொருகி, ஒரு இழுப்பு இழுத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுச் செத்துப்போனார். ஹரிஷ் நெஞ்சை அமுக்கப் போனபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அமுக்காதீங்க சார், வலிக்கும். நான் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

வகுப்பை நான் கவனிப்பதும் மைக்கில் பேசுவதும் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து. அங்கிருந்து வெளியே வந்தேன்.

"சவுக்கார், அரிப்புன்னுதானே எழுதியிருக்கு? ஏன் செத்தீங்க?"

"அந்தப் பொண்ணு மூணு வாட்டி சொல்லிச்சிமா. மூணு வாட்டியும் இவரு காதுல போட்டுக்கல. அப்பறம் நான் யார நம்பிப் பொழைக்கிறது?"

ஹரிஷ் முகம் சிவந்தது. "அவங்க மெதுவா சொன்னாங்க மேடம்" என்றான்.

சவுக்கார் மகேஸ்வரி பக்கம் திரும்பினார். "அதுவும் சரிதான். ஏம்மா, ஊட்ல மாடு பயிர்ல எறங்கினா இப்டியா சொல்லுவ?"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே நோயாளி போய்விட்டார். மீதி நேரத்தை எதை வைத்து ஓட்டுவது என்பது என் கவலை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஸ்கிரிப்டில் தாமல் கிராமத்து விவசாயி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நெஞ்சுவலி. ஹரிஷ் குனிந்து, "எங்கய்யா வலிக்குது?" என்று கேட்டான்.

"ஏமி பாபு? நாகு தமிழ் ராது" என்று தெலுங்கில் சொன்னார் தாமல் விவசாயி.

காலையில் வரும் வழியில் ஆந்திராப் பக்கத்து பஸ் ஒன்றைப் பார்த்தாராம். அதில் இறங்கி வந்த ஒரு யாத்திரீகராக இருப்பது என்று முடிவு செய்துவிட்டாராம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம்.

ஹரிஷ் அதே கேள்வியைச் சத்தமாகத் தமிழில் கேட்டான். பிறகு சத்தமாக இங்கிலீஷில் கேட்டான். பிறகு கையால் கேட்டான். மருந்துத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஃபார்மஸி மாணவி லாவண்யா நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பெண். பத்து நிமிடம் மருந்து பாட்டில்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். சவுக்கார் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தார்.

வட்டமாக உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "எனக்குத் தெலுங்கு தெரியும் மேடம். ஆனா என்ன யாரும் கேக்கலையே."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கேக்காட்டியும் சொல்லணும் பாப்பா. நான் பத்து நிமிசமா செத்துக்கினு இருக்கேன். நீ பாட்டில் அடுக்கிக்கினு இருக்கற."

இன்னொரு நாள், என்ன மருந்து, எத்தனை அளவு என்று ஹரிஷும் லாவண்யாவும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட ஆரம்பித்தார்கள். லாவண்யா அதற்குள் நன்றாகப் பேசப் பழகியிருந்தாள். கொஞ்சம் அதிகமாகவே. சவுக்கார் முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றி, இறங்கி, செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?" என்று மைக்கில் கத்தினேன்.

"இவங்க பேசி முடிக்கட்டும்மா. நான் டீ குடிச்சிட்டு வரேன். அப்டியே இவனுக்கும் ஒண்ணு வாங்கியாரேன், பாவம்."

இவன் என்றது மணியை. பிசியோதெரபி மாணவன். நான்கு வாரமாகக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், ஸ்கிரிப்ட் எழுதிய எனக்கும் தெரியவில்லை. 'நோயாளியின் கால் அசைவைக் கவனிக்கவும்' என்று ஒரு வரி எழுதி வைப்பேன். அவன் கவனிப்பான். சவுக்காரின் கால்களை அவன் அளவுக்கு அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

புகார்கள் வந்தன. எங்கள் மாணவர்களை ஒரு புடவைத் தரகர் அவமானப்படுத்துகிறார் என்று ஒரு எச்ஓடி எழுதினார். நோயாளி வகுப்பு நடுவில் டீ குடிக்கப் போவது எந்தப் பாடத்திட்டத்தில் உள்ளது என்று இன்னொருவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போவேன். வீட்டில் என் கணவர், "இன்னிக்கு எத்தன வாட்டி செத்தாரு?" என்று கேட்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு.

அப்புறம்தான் கமிட்டி வருகிறது என்றார்கள். வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து லேபைப் பார்த்து, இதைத் தொடரலாமா, மூடலாமா என்று எழுதிவிட்டுப் போவார்கள். மூடினால் நல்லது என்று எனக்கே பாதி மனசு இருந்தது. ஆனால் மகேஸ்வரி இப்போது வார்டில் சீனியர் டாக்டரையே நிறுத்தி, "ஒரு நிமிஷம் சார், இத பாருங்க" என்று சொல்வதை நான் கேட்டிருந்தேன். மீதிப் பாதி மனசு அங்கே நின்றது.

பிரின்சிபால் சவுக்காரையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, ஒங்கள ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு ஒரு நாள் பொழச்சிக்கங்க."

"அது பிள்ளைங்க கையில இருக்குது சார்."

"இல்ல. அது ஸ்கிரிப்ட்ல இருக்கு. அதுல என்ன இருக்கோ அப்படியே. ஒரு வார்த்த மாறக் கூடாது. மாறினா இந்த மேடம்தான் பதில் சொல்லணும்."

சவுக்கார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போது என்ன முகம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. தூக்கம் போதாத முகமாகத்தான் இருந்திருக்கும்.

"சரி சார். எழுதினபடி" என்றார்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் மாலை ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். வயிற்றுவலி, குடல்வால் அழற்சி, நேரத்துக்குக் கண்டுபிடிக்கிறார்கள், பிழைக்கிறார். அவர் அதை மடிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய, இரண்டு தடவை வாசித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேள்வி கேட்கத் தோன்றவில்லை. எச்ஓடிகளுக்கு நாற்காலி போடும் வரிசையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கமிட்டி வர வேண்டிய நேரம் ஒன்பதரை. வந்தது பதினொன்றேகால். கோயில் தரிசனம் முடித்துவிட்டு வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மா நரைத்த தலை, பருத்திப் புடவை, அதிகம் பேசவில்லை. மூன்று பேரும் கண்ணாடிக்குப் பின்னால் பிரின்சிபாலோடும் எச்ஓடிகளோடும் உட்கார்ந்தார்கள். நான் மைக்குக்கு முன்னால். உள்ளே சவுக்கார் எட்டு மணியிலிருந்து படுத்திருந்தார்.

ஆரம்பம் பிரமாதம். ஹரிஷ் கேட்டான், சவுக்கார் சொன்னார். எழுதினபடி, வார்த்தை மாறாமல். மகேஸ்வரி வயிற்றைத் தொட்டாள், சரியான இடத்தில் கத்தினார். பிரின்சிபால் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்று வருடத்தில் அவர் எனக்குத் தலையசைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஹரிஷ், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டான்.

"நேத்து ராத்திரியிலேருந்து சாப்பிடல" என்றார் சவுக்கார். அதுவும் எழுதினபடிதான். அதற்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, ஹரிஷின் கையைப் பிடித்து, "வாங்க வாங்க. வாங்க வாணாம், பாத்தா போதும்" என்றார்.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் சிரித்தார்.

அடுத்து இந்தியில் கூப்பிட்டார். பிறகு கன்னடத்தில். ஒன்பது கஜம், கோபுர பார்டர், ஒரிஜினல் ஜரிகை என்று விட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். சிரித்தவர் இன்னும் சிரித்தார். பிரின்சிபால் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை செய்தும் இன்றைக்குக் கூடவா என்று இருந்தது. மைக்கை அழுத்தி, "சவுக்கார், ஸ்கிரிப்ட்" என்றேன். என் குரலில் அவ்வளவு கடுப்பு இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

உள்ளே ஹரிஷ் கேஸ் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். கால்மாட்டிலிருந்து மணி சொன்னான்: "ஹரிஷ், இவரு கால் ஈரமா இருக்குது."

நோயாளிக்கு வியர்வை வேண்டுமென்றால் நான்தான் தண்ணீர் ஸ்ப்ரே அடிப்பேன். நெற்றியில் மட்டும். காலில் யாரும் அடிப்பதில்லை. அன்றைய ஸ்கிரிப்டில் வியர்வையே கிடையாது.

ஹரிஷ் சீட்டை மூடினான். பழைய ஹரிஷாக இருந்திருந்தால் பக்கத்தைத்தான் திருப்பியிருப்பான். அவன் திரும்பி மணியைப் பார்த்து, "என்ன சொன்ன?" என்றான்.

"நனைஞ்சிருக்குது. நடுங்குது. இவரு வழக்கமா இப்படி நடுங்க மாட்டாரு. இது நடிப்பு இல்லப்பா."

மகேஸ்வரி சவுக்காரின் கழுத்தின் கீழ் கையை விட்டாள். "ஹரிஷ், முதுகெல்லாம் தண்ணி. இவரு சுகர் பேஷன்ட். காலைல மாத்திர போட்டிருப்பாரு." சார் இல்லை. மாடு பயிரில் இறங்கின சத்தம்.

ஹரிஷ் கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "மேடம், இது நிஜம். நிறுத்துங்க." சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியிலிருந்த குளுக்கோஸ் பாட்டிலை எடுத்தான். லாவண்யா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"இது தண்ணி. லேப் பாட்டில் எல்லாம் தண்ணி. தொடாத. நான் கீழ போய் எடுத்துட்டு வரேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாடி இறங்கி, எமர்ஜென்சியிலிருந்து மருந்தும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது நான் உள்ளே வந்திருந்தேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மெஷினில் சர்க்கரை அளவு மிகவும் கீழே இறங்கியிருந்தது. மகேஸ்வரி ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். லாவண்யா மருந்தின் பெயரையும் அளவையும் உரக்க வாசித்தாள், ஹரிஷ் அதைத் திருப்பிச் சொன்னான், பிறகு ஏற்றினான். மணி அவர் புரண்டு விழாமல் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தான். யாரும் கத்தவில்லை. யாரும் இன்னொருவர் பேச்சில் குறுக்கே பேசவில்லை. ஆறு மாதமாக நான் தொண்டை வறளச் சொன்ன எல்லாம் ஒரு ஐந்து நிமிடத்தில் என் முன்னால் நடந்தது. பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கன்னடம் நின்றது. இந்தி நின்றது. சவுக்கார் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"சரியா பண்ணேனாம்மா?"

"காலைல சாப்பிட்டீங்களா?"

"நீங்கதானேமா எழுதியிருந்தீங்க, நேத்து ராத்திரியிலேருந்து சாப்பிடலன்னு. எழுதினபடின்னு சார் வேற சொன்னாரு. தப்புப் பண்ணா ஒங்களயில்ல கேப்பாங்க."

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அந்த மனிதர் ஒரு ஸ்கிரிப்டை ஒழுங்காகப் பின்பற்றினார். அதுவும் எனக்காக. போர்வையைச் சரி பண்ணினேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அவரைக் கீழே வார்டுக்குக் கொண்டுபோய் அன்று முழுதும் வைத்திருந்தார்கள். மாலையில் கமிட்டியின் குறிப்பு வந்தது. 'நோயாளியாக நடித்தவரின் திடீர் மாற்றம் மிகவும் தத்ரூபமாக அமைக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் ஒன்றிணைந்து செயல்பட்ட விதம் பாராட்டத்தக்கது. திட்டத்தைத் தொடரலாம்.' சிரித்த மனிதர் அதை எழுதியிருக்க வேண்டும். நரைத்த தலை அம்மா மட்டும் புறப்படும் முன் வார்டுக்கு வந்து, சவுக்காரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம், "இவர முதல்ல சாப்பிட வைங்க. அப்புறம் நீங்களும் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டம் தொடர்ந்தது. சவுக்கார் தொடரவில்லை. நடந்தது என்ன என்பது நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்று விளக்கக் கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது, சர்க்கரைக்காரரைப் படுக்க வைக்கும் முன் சாப்பிட்டீர்களா என்று கேட்காதது நான், என்று மூன்றிலும் எழுதினேன். இனிமேல் உயிருள்ளவர்களை நோயாளியாக வைக்கக் கூடாது என்று முடிவானது. புது பொம்மை வந்தது.

அதைப் பார்க்க அவர் ஒருநாள் வந்தார். நாலாம் கட்டிலில் படுத்திருந்ததைச் சுற்றி வந்து, கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பேசுமா?"

"நாலு வார்த்த. இங்கிலீஷ்ல."

"பசிச்சா?"

"பசிக்காது."

"அப்ப ஒங்களுக்கு நிம்மதி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். ஹரிஷ், மகேஸ்வரி, லாவண்யா, மணி நான்கு பேரும் அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். நான் போகவில்லை. பொம்மைக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது அவர் ஒரு கோயில் பக்கத்தில் செருப்பு பார்த்துக்கொள்ளும் இடத்தில் டோக்கன் கொடுக்கிறார். நாற்காலி போட்டிருக்கிறார்கள். செருப்பு விட வருகிறவர்களுக்கு, கேட்காமலேயே, எந்த சன்னிதியில் கூட்டம் குறைவு என்று அவரவர் மொழியில் சொல்லுகிறார். மத்தியானம் நடை சாத்தினாலும், கடைசிச் செருப்பும் போய் மூன்று மணிக்கு மேல்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வகுப்பு சீக்கிரம் முடிகிறது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி அங்கே போகிறேன். சாயங்கால தரிசனத்துக்கு வந்தேன் என்று சொல்லுகிறேன். கோயிலுக்குள் போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடும்வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.